பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது பைப் லைனில் செய்யக்கூடாத தவறுகள்

நாற்பது வருடத்துக்கு முன் நம் ஊரில் கட்டிய வீடுகளில் சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வீட்டைப் புதுப்பிக்க இறங்கும் பலரும் டைல்ஸ் கடைக்கு நாலு தடவை போய் வருகிறார்கள். அந்தப் பைப் என்ன நிலையில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. புதிதாகப் போட்ட டைல்ஸை ஒரு வருடத்துக்குள் உடைக்க நேர்வது இதனால்தான்.

முதல் தவறு, ஓதம் அடித்த சுவரைச் சுரண்டிவிட்டு மேலே பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது. மழைக்காலத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ சந்தேகப்படலாம். சித்திரை வெயிலிலும் அதே இடம் நசநசவென்று இருந்தால், பக்கத்தில் பைப் ஒழுகுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை என்றும் நினைக்க வேண்டாம். பைப்புக்காக வெட்டிய காடி வழியாகவே தண்ணீர் இறங்கி, நாலைந்து அடி தள்ளிக்கூட வெளியே வரும்.

உடைக்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரவில் எல்லாக் குழாயையும், ஃப்ளஷ் டேங்குக்குப் போகும் வால்வையும் மூடிவிட்டு, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. மறுநாள் தொட்டியின் அவுட்லெட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் கோளாறு தொட்டியில், இறங்காவிட்டால் லைனில். ஆனால் அந்த அவுட்லெட் வால்வு, திருகி மூடும் பழைய கேட் வால்வாக இருந்தால் பல நேரம் முழுதாக மூடாது. அதை மாற்றிவிட்டுச் சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

அடுத்தது, பணம் மிச்சம் என்று பாதி லைனை மட்டும் மாற்றுவது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஜி.ஐ. பைப்பில் மரை வெட்டும்போது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, இரும்பும் அங்கே மெலிகிறது. அதனால் துரு முதலில் பிடிப்பது ஜாயின்ட்டில். பாத்ரூமில் பைப் திரும்பும் இடத்து எல்போவைக் கழற்ற பிளம்பர் ரெஞ்ச் போட்டுத் திருகினால், அந்த முறுக்கு சுவருக்குள் இருக்கும் அடுத்த ஜாயின்ட் வரை போகும். துருவாலேயே அடைபட்டிருந்த இடம் அப்போது விட்டுக்கொள்ளும். இங்கே சரி செய்ததும் அங்கே ஒழுகுவது பல நேரம் இப்படித்தான். கழற்றிய முக்கால் இஞ்ச் பைப்பை அறுத்து உள்ளே பாருங்கள். போர் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி விட்டிருக்கும். அப்படி இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முழு லைனையும் மாற்றுங்கள். ஹீட்டரிலிருந்து வரும் லைனுக்குச் சாதாரண பி.வி.சி. கூடாது, வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. போட வேண்டும்.

தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று பழைய லைனில் பிரஷர் பம்ப் மாட்டுவது இன்னும் ஆபத்து. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். தரைத்தள வீட்டில் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே மூன்று, நான்கு மீட்டர்தான் இருக்கும். அரை கிலோவைக்கூடப் பார்த்திராத பைப்பில் திடீரென்று இரண்டு கிலோ ஏறினால் தாங்குமா?

கழிவுநீர் லைனை அனேகமாக யாரும் தொடுவதே இல்லை. அந்தக் காலத்தில் மண்ணுக்கடியில் போட்டது பீங்கான் பைப். இரண்டு, மூன்று அடிக்கு ஒரு சிமென்ட் ஜாயின்ட் இருக்கும். அது விரிசல் விட்டால் வேப்பமரமோ தென்னையோ வேரை உள்ளே விட்டுவிடும். புது வெஸ்டர்ன் டாய்லெட்டை இதில் இணைக்கும் முன், மாடியில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, கீழே சேம்பரை, அதாவது கழிவுநீர் லைனில் மூடி போட்ட குழியைத் திறந்து வைத்துப் பாருங்கள். தண்ணீர் தாமதமாக வந்தாலோ, மண் கலந்து வந்தாலோ தோண்டித்தான் ஆக வேண்டும்.

பாத்ரூமில் டைல்ஸ் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாடி பாத்ரூமில் தரைக்கடியில் செங்கல் துண்டு போட்டு நிரப்பிய பள்ளம் இருக்கும். தரைத் தண்ணீர் இறங்கும் பழைய டிராப்பின் ஓரமாகக் கசிந்த தண்ணீர் அங்கேதான் தேங்கிக் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டு சீலிங் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்த பிறகு தரை போடுங்கள்.

புது லைன் போட்டதும் காடியை உடனே பூசவிடாதீர்கள். கொத்தனார் அவசரப்படுவார், கூலி ஓடுகிறதே என்று உங்களுக்கும் தோன்றும். இருந்தாலும் குழாய் வாய்களை அடைத்து, ஹேண்ட் பம்பால் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பிளம்பரோடு நீங்களும் நின்று பாருங்கள். அப்புறம் டேப்பைத் தரையிலிருந்து பிடித்து, அளவு தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்கு ஹீட்டரோ கண்ணாடியோ மாட்ட டிரில் போட வருபவருக்கு முதலில் காட்ட வேண்டியது அந்தப் போட்டோவைத்தான்.