பழைய அம்பாசிடர், பத்மினி கார்களுக்கு மின் பெட்ரோல் பம்ப் பொருத்துவது எப்படி?

சேலம் பக்கமிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது சித்திரை வெயிலில் வண்டி திணறி நின்று, சற்று ஆறவிட்டதும் மறுபடி கிளம்பினால் பெரும்பாலும் வேப்பர் லாக்தான், அதாவது குழாயில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் அடைபடுவது. எஞ்சினோடு சேர்ந்து காயும் ஏசி பம்ப் (எஞ்சினே இயக்கும் பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்), டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் அங்கேயே ஆவியாகிவிடும். டேங்க் அருகே மின் பம்ப் வைத்தால் பெட்ரோல் அழுத்தத்தோடு வரும், சீக்கிரம் ஆவியாகாது.

முதலில் டேங்கின் காற்றுத் துளை, உள்ளே துரு, உப்பிய ரப்பர் டியூப் மூன்றையும் பாருங்கள். இவை கெட்டிருந்தால் எந்தப் பம்பும் உதவாது.

பம்ப் 12 வோல்ட், 2 முதல் 3 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இருந்தால் போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டி) பம்பை மாட்டாதீர்கள். அது 40 பிஎஸ்ஐ அளவுக்குத் தள்ளும். பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் தாங்காமல் கார்புரேட்டர் வழிந்து, சூடான மேனிஃபோல்டில் பெட்ரோல் கொட்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியென்றால் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) அதற்கேற்ற பம்ப்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ கீழேயோ, சைலன்சர் குழாய்க்கு எட்டத்தில், ரப்பர் புஷ் வைத்துப் பம்பை இறுக்குங்கள். டிக்கிக்குள் வைக்கக் கூடாது. பம்புக்கு முன் ஒரு ஃபில்டர், கார்புரேட்டருக்கு முன் இன்னொன்று. எத்தனால் தாங்கும் டியூப்தான் வேண்டும். இப்போதைய பெட்ரோல் சாதா ரப்பரை அரித்துவிடும்.

ஏசி பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையை கேஸ்கெட்டும் 3 மி.மீ. தகடும் வைத்து மூடுங்கள். இரண்டும் இருக்கட்டும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். ஏசி பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்தால் மின் பம்ப் தள்ளும் பெட்ரோல் நேரே எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்து பேரிங் போகும்.

ஒயரிங்தான் உயிர்நாடி. சாவியிலிருந்து நேராக இணைத்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மூன்று முனை ஆயில் பிரஷர் சுவிட்சும் கட்டாயம். எஞ்சின் நின்று ஆயில் பிரஷர் போனதும் இவை பம்பை நிறுத்திவிடும். ரிலேயின் 30 என்ற எண் முனைக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே மின்சாரம் (2 ஆம்பியருக்குள் இழுக்கும் பம்புக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ்), 87 பம்புக்கு, 85 எர்த், 86 சுவிட்சின் பொது முனைக்கு. பிரஷர் இல்லாதபோது மூடியிருக்கும் முனைக்கு ஸ்டார்ட்டர் ஒயர். பிரஷர் வந்ததும் மூடும் முனைக்கு இக்னிஷன் ஒயர். டேஷ்போர்டில் எரியும் ஆயில் விளக்கின் சுவிட்ச் இதற்கு உதவாது; அது பிரஷர் இல்லாதபோதுதான் இணையும்.

முடிந்ததும் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் ஓடக் கூடாது. ஓடினால் ஒயர் மாறியிருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் பக்கம் பிரஷர் கேஜ் வைத்து, 3 பிஎஸ்ஐ தாண்டினால் ரெகுலேட்டர் போடுங்கள். தீயணைப்பான் கையருகே இருக்கட்டும். முதல் 50 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா கிளிப்பையும் மறுபடி இறுக்க வேண்டும். புது டியூப் சூட்டில் சற்றே தளரும்.