ஏழு எண்களைக் கொண்டு புள்ளியியலைத் தொடங்குவது எப்படி

புள்ளியியலைப் புதிதாகப் படிக்கும் மாணவர் பலர் சூத்திரங்களை மனப்பாடம் செய்து, எண்களைக் கணினியில் இட்டு விடையையும் பெற்றுவிடுகின்றனர். ஆனால் அந்த விடை எதைச் சொல்கிறது என்று கேட்டால் தயங்குகின்றனர். இந்தத் தயக்கம் நீங்க, மிகச் சிறிய தரவுத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அளவையும் ஒருமுறையாவது தாளில் எழுதிக் கணக்கிட வேண்டும். இங்கே, ஒரே புதிரை விடுவிக்க ஏழு பேர் எடுத்துக்கொண்ட நேரத்தை நிமிடங்களில் கொள்வோம்: 4, 5, 5, 6, 7, 8, 14.

கணக்கைத் தொடங்கும் முன், கையில் உள்ள எண்கள் எத்தகையவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நேரம், உயரம், எடை போன்றவை அளந்து பெற்றவை. அவற்றைக் கூட்டலாம், வகுக்கலாம். அஞ்சல் குறியீடோ, விளையாட்டு வீரரின் சட்டை எண்ணோ வெறும் அடையாளம். அவற்றுக்குச் சராசரி கண்டால் கணினி ஒரு விடையைத் தரும், ஆனால் அந்த விடைக்குப் பொருள் இராது.

அடுத்து, எண்களின் மையத்தைக் காண வேண்டும். ஏழையும் கூட்டினால் 49. ஏழால் வகுத்தால் கூட்டுச் சராசரி 7. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் எண் 6. அதுவே இடைநிலை அளவு. அதிக முறை வரும் எண் 5, அது முகடு. ஒரே தொகுதிக்கு மூன்று மையங்கள் கிடைப்பது குழப்பமாகத் தோன்றலாம், ஆனால் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடே தரவின் வடிவத்தைக் காட்டுகிறது. கடைசி நபர் 14 நிமிடத்துக்குப் பதிலாக 42 நிமிடம் எடுத்திருந்தால் சராசரி 11 ஆக உயரும். ஏழில் ஆறு பேர் அதைவிடக் குறைந்த நேரமே எடுத்திருப்பர். இடைநிலை அளவோ 6-லிருந்து அசையாது. ஆகவே ஒரு பக்கம் நீண்டு செல்லும் தரவுகளுக்கு, குறிப்பாக வருமானம், காத்திருக்கும் நேரம் போன்றவற்றுக்கு, இடைநிலை அளவைச் சேர்த்துச் சொல்லாமல் சராசரியை மட்டும் சொல்வது வாசகரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் என்பது என் உறுதியான கருத்து.

மையத்தை விடவும் கவனத்துக்கு உரியது பரவல். 6, 7, 7, 7, 7, 7, 8 என்ற தொகுதிக்கும் சராசரி 7 தான். ஆனால் நம் தொகுதியோடு அதற்கு எந்த ஒற்றுமையும் இல்லை. இந்த வேறுபாட்டை ஓர் எண்ணால் சொல்ல, ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் சராசரியைக் கழிக்க வேண்டும். நம் தொகுதியில் −3, −2, −2, −1, 0, 1, 7 என்று விலகல்கள் கிடைக்கின்றன. இவற்றின் கூடுதல் எப்போதும் சுழியே என்பதால் அவற்றை அப்படியே கூட்டிப் பயனில்லை; வர்க்கப்படுத்திக் கூட்டினால் 9 + 4 + 4 + 1 + 0 + 1 + 49 = 68. இந்த 68-இல் 49 ஒரே ஒருவரால் வந்தது என்பதைக் கவனியுங்கள். தொலைவில் நிற்கும் மதிப்புக்கு வர்க்கம் எவ்வளவு எடை தருகிறது என்பது கையால் கணக்கிடும்போதுதான் கண்ணில் படும்.

இனி எதனால் வகுப்பது? இந்த ஏழு பேரைப் பற்றி மட்டுமே பேசினால் 7-ஆல் வகுக்கலாம். அவர்களை ஒரு பெரிய முழுமைத் தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியாகக் கருதினால் 6-ஆல் வகுக்க வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் காரணம் அறியாமல் ஏற்றுக்கொள்ளும் இடம் இது. முழுமைத் தொகுதியின் உண்மையான சராசரி நமக்குத் தெரியாததால், மாதிரியின் சராசரியை அதன் இடத்தில் வைக்கிறோம். ஆனால் வர்க்கங்களின் கூடுதலை மிகக் குறைவாக்கும் எண் அந்த மாதிரிச் சராசரியேதான். சோதித்துப் பாருங்கள்: உண்மையான சராசரி 6 என்று கொண்டு விலகல்களை வர்க்கப்படுத்தினால் கூடுதல் 75 வரும், 8 என்று கொண்டாலும் 75 வரும், 7-க்கு மட்டுமே 68. எனவே நம் கணக்கு பரவலைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடும். வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைப்பது அந்தக் குறையைச் சரிசெய்கிறது. 68-ஐ 6-ஆல் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி சுமார் 11.33, இதன் அலகு நிமிடத்தின் வர்க்கம் என்பதால், வர்க்கமூலம் கண்டு நிமிடத்துக்குத் திரும்புகிறோம். திட்ட விலக்கம் சுமார் 3.37 நிமிடம். இரண்டாம் தொகுதிக்கு அது 0.58 மட்டுமே.

சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் சுமார் 68 விழுக்காடும், இரண்டுக்குள் சுமார் 95 விழுக்காடும் அடங்கும் என்ற விதியை எல்லாத் தரவுக்கும் பொருத்தக் கூடாது. அது மணி வடிவ இயல்நிலைப் பரவலுக்கு உரியது. நம் ஏழில் ஆறு மதிப்புகள், அதாவது சுமார் 86 விழுக்காடு, ஒரு திட்ட விலக்கத்துக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. தரவை வரைபடமாகப் பார்க்காமல் சுருக்க அளவுகளை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் காட்டினார்: அவர் அமைத்த நான்கு தரவுத் தொகுதிகளுக்குச் சராசரி, விலக்க வர்க்கச் சராசரி, இரு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு அனைத்தும் ஏறக்குறைய ஒன்றே, வரைந்தாலோ நான்கும் முற்றிலும் வெவ்வேறு உருவங்கள்.

கடைசியாக, மாதிரியின் சராசரியை எவ்வளவு நம்பலாம்? திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் திட்டப் பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு, கிடைக்கும்; நமக்கு 3.37-ஐ 2.65-ஆல் வகுக்க, சுமார் 1.27 நிமிடம். இதைப் பாதியாக்க மாதிரியை இரு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும்: ஏழு பேருக்குப் பதில் 28 பேர். ஆனால் இந்தக் கணக்கு சமவாய்ப்பு முறையில், அதாவது எல்லோருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி, எடுத்த மாதிரிக்கே செல்லும். 1936-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறத்தாழ 1 கோடிப் பேருக்குக் கருத்துச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, வேட்பாளர் லேண்டன் வெல்வார் என்று கணித்தது. ஆனால் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசிப் பட்டியல், மோட்டார் வாகனப் பதிவு போன்றவற்றிலிருந்து பெயர்களை எடுத்ததால் வசதி படைத்தோர் மிகுதியாக இடம்பெற்றதும், அனுப்பியவற்றில் பெரும்பகுதிக்கு விடையே வராததும் அதன் காரணங்கள். ஆதலால் உங்கள் முதல் பயிற்சித் தாளில், எண்களை எழுதும் முன்பே, அவை யாரிடமிருந்து எவ்வாறு பெறப்பட்டன, யார் விடுபட்டனர், எத்தனை பேர் பதில் தரவில்லை என்பவற்றை எழுதிவையுங்கள்.