நடக்கும் நிமிடத்தில் ஒரு நல்ல காரியம்: புதிதாக ஓடுபவர்களுக்கு

நான் ஓட ஆரம்பித்த நான்காம் நாள், பாதை வளைகிற இடத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில் உடைந்து கிடந்தது. பார்த்தேன், தாண்டி ஓடிவிட்டேன். நின்றால் அன்றைய ஓட்டம் கெட்டுப்போகும் என்ற நினைப்பு. அரை மணி நேரம் கழித்து அதே வழியாகத் திரும்பி வந்தபோது ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முன் டயரில் காற்று இல்லை. பச்சை நிறக் கண்ணாடித் துண்டு ஒன்று அதில் குத்தி நின்றது. நான் பார்த்த பாட்டிலும் பச்சைதான்.

அன்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. புதிதாக ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் ஒரே விஷயமும் அன்றுதான் புரிந்தது. தொடக்க ஓட்டத்தில் நடப்பதற்கென்று நிறைய நிமிடங்கள் இருக்கின்றன. சின்னச் சின்ன உதவிகளுக்கு அந்த நிமிடங்களே போதும். ஓட்டம் எதையும் இழக்காது. எப்படி என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள்

முதல் இரண்டு மாதங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டாம். எத்தனை நிமிடம் என்று மட்டும் பாருங்கள். வாரத்துக்கு 3 நாள், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. தொடக்கத்தில் 5 நிமிடம் வேகநடை, முடிவில் 5 நிமிடம் மெதுநடை. நடுவில் இருக்கும் 24 நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

வாரம் 1, 2: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 5, 6: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 7, 8: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை.

ஓட்டமும் நடையும் கலந்த இந்த முறை ஓட முடியாதவர்களுக்கான சமாதானம் என்று நினைத்துவிடாதீர்கள். இதைப் பரவலாக்கிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக அதைவிட அதிக நாள் பிடிக்கும். மூச்சு வாங்கவில்லையே என்று நான் மூன்றாம் வாரத்திலேயே நடையை விட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடினேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் ஓடவே முடியவில்லை. அட்டவணையில் நடை என்று இருந்தால் நடந்துவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல் பேச்சு. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். இந்த வேகத்தில் இன்னொரு நன்மை உண்டு. கண் நிமிர்ந்து இருக்கும், சுற்றிலும் என்ன நடக்கிறது என்று தெரியும். நாக்குத் தள்ள ஓடுகிறவருக்குத் தன் கால் மட்டும்தான் தெரியும்.

படி 2: இடுப்பில் ஒரு சின்னப் பை

இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை ஒன்று போதும். அதில் மடித்த பழைய பிளாஸ்டிக் பை, ஒரு ஜோடி தடிமனான கையுறை, இரண்டு மூன்று பிளாஸ்டர், சுத்தமான கைக்குட்டை, போன். உங்கள் பெயர், ரத்த வகை, வீட்டாரின் எண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். உதவி தேவைப்படுகிறவர் ஒரு நாள் நீங்களாகவும் இருக்கலாம்.

படி 3: பாதையில் மற்றவர்களும் இருக்கிறார்கள்

இந்த உதவிக்கு நிற்கக்கூட வேண்டாம். ஆனாலும் என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

முன்னால் யாராவது நடந்து போனால், பத்தடி தூரத்திலேயே "வலப்பக்கம் வருகிறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். ஓசையில்லாமல் ஒட்டி வந்து தாண்டினால் வயதானவர்கள் திடுக்கிட்டு, நீங்கள் வரும் பக்கமே நகர்ந்துவிடுவார்கள். காதில் எதையும் மாட்டாதீர்கள். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும்.

ஆண்களுக்குத் தனியாக ஒன்று. வெளிச்சம் குறைவான நேரத்தில் ஒரு பெண் தனியாக ஓடுகிறார் அல்லது நடக்கிறார் என்றால், அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்காதீர்கள். பின்னால் நெருங்கும் காலடிச் சத்தம் அவருக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாதையின் மறுபக்கத்துக்கு மாறிவிடுங்கள், அல்லது ஒரு நிமிடம் நடந்து இடைவெளி விடுங்கள். நமக்கு அதில் போவது ஒரு நிமிடம். அவருக்கு அது நிம்மதியான காலை.

நாயோ குழந்தையோ குறுக்கே வந்தால் நடைக்கு மாறுங்கள். அவ்வளவுதான்.

படி 4: நடை நிமிடத்தில் குப்பை பொறுக்குதல்

ஓடிக்கொண்டே குப்பை எடுப்பதற்குப் பிளாகிங் என்று பெயர். 2016-ல் சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் தொடங்கி வைத்தார். சுவீடிஷ் மொழியில் பொறுக்கி எடுப்பதைக் குறிக்கும் சொல்லையும் மெல்லோட்டத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி இந்தப் பெயரை உண்டாக்கினார்கள். பெயர் எதுவானால் என்ன, செய்முறை எளிது.

எல்லாவற்றையும் எடுக்க நினைக்காதீர்கள். அப்படி நினைத்தால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். நடை நிமிடத்தில் கண்ணில் படுவதை மட்டும் எடுங்கள். ஓட்ட நிமிடத்தில் பட்டால் விட்டுவிடலாம், கண்ணாடியைத் தவிர. கண்ணாடியைப் பார்த்தால் நான் எந்த நிமிடமானாலும் நிற்கிறேன்.

குனியும் முறை முக்கியம். முதுகை வளைத்துக் குனிந்தால் நாற்பதாவது குனிதலில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு காலை முன்னால் வைத்து, முழங்கால்களை மடக்கி, முதுகு நேராக இருக்க இறங்கி எடுங்கள். அடுத்த முறை மற்றக் காலை முன்னால் வையுங்கள். தொடைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. பையை ஒரே கையில் பிடித்து ஓடினால் அந்தப் பக்கத் தோள் சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு நடைக்கும் கை மாற்றுங்கள். பை கனக்க ஆரம்பித்தால் வழியில் இருக்கும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடுங்கள்.

கண்ணாடித் துண்டுகளை நேராகப் பையில் போட்டால் கிழித்துக்கொண்டு வந்து உங்கள் முழங்காலில் குத்தும். நான் செய்வது இதுதான்: பாதையோரம் கிடக்கும் அகல வாய் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வேன். கையுறை போட்ட கையால் பெரிய துண்டுகளை முதலில் அதற்குள் போடுவேன். பிறகு ஒரு காய்ந்த இலையையோ அட்டையையோ முறம்போலச் சாய்த்துப் பிடித்து, பொடித் துண்டுகளை அதில் தள்ளி உள்ளே கொட்டுவேன். மூடி கிடைத்தால் இறுக மூடுவேன். கடைசியாகத் தலையைத் தாழ்த்தி, வெளிச்சத்துக்கு எதிராகத் தரையை ஒரு முறை பார்ப்பேன். மிச்சம் இருந்தால் மின்னும்.

ஊசி, ஊசிக்குழல், என்னவென்று தெரியாத திரவம் உள்ள பாட்டில், இந்த மூன்றையும் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு துப்புரவுப் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்.

படி 5: ஒருவர் விழுந்து கிடந்தால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் தவறு செய்து கற்ற பாடம் இது. ஒரு மழைக்காலக் காலையில் எனக்கு முன்னால் ஓடியவர் வழுக்கி விழுந்தார். நான் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் அலறிவிட்டார். விழும்போது அவர் ஊன்றியது அந்தக் கையைத்தான், மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. பதற்றத்தில் அவர் வலியை நான் இன்னும் கூட்டிவிட்டேன்.

அதனால் முதலில் தூக்காதீர்கள். பக்கத்தில் அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். "எங்கே வலிக்கிறது? நான் உதவலாமா?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்கிற விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். தலையிலோ கழுத்திலோ அடி என்றால் அசையவே விடாமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். வெறும் சிராய்ப்பு என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பிளாஸ்டர் போடுங்கள்.

கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அவரை உட்கார வைத்து, முழங்காலை நீட்டச் சொல்லி, பாதத்தின் முன்பகுதியை அவர் முகத்தை நோக்கி மெதுவாகச் சாய்த்துப் பிடியுங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அரை நிமிடம் அப்படியே பிடித்திருந்தால் பெரும்பாலும் தசை இளகிவிடும்.

வெயிலில் ஓடியவர் தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார் என்றால் அது களைப்பு இல்லை. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கும் தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

கூப்பிட்டால் பதில் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். ஒருவரை ஆம்புலன்ஸ் அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். இது பெரியவர்களுக்கான அளவு. படித்தால் மட்டும் போதாது, அரை நாள் முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போய் பொம்மையின் மேல் அழுத்திப் பழகுங்கள். எவ்வளவு பலம் வேண்டும் என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும்.

படி 6: தினமும் பார்க்கிற முகங்கள்

ஒரே பாதையில் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரு மாதத்தில் பத்துப் பேராவது பழக்கமாகிவிடுவார்கள். தலையசையுங்கள், வணக்கம் சொல்லுங்கள். வழக்கமாக வருகிறவர் நான்கு நாளாக வரவில்லை என்றால், வந்ததும் "உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள்.

நான் ஓடும் பாதையில் ஊன்றுகோலுடன் நடக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் லேஸ் அவிழ்ந்து கிடந்தது. எனக்கு அது நடை நிமிடம்.

"ஐயா, நான் கட்டிவிடட்டுமா?"

"வேண்டாம் தம்பி, நீங்க ஓடுறீங்க."

"இப்போ நடக்கிற நேரம்தான் ஐயா."

மண்டியிட்டுக் கட்டினேன். லேஸின் நுனி நைந்து, துளைக்குள் போகாமல் இரண்டு துளைகளை விட்டு மேலே கட்டியிருந்தது. அதனால்தான் அவிழ்ந்துகொண்டே இருந்திருக்கிறது. நுனியை ஈரப்படுத்தி முறுக்கி, ஒவ்வொரு துளையாகக் கோத்து, இரட்டை முடிச்சுப் போட்டேன். அவர் எழுந்து நின்று காலை இரண்டு முறை தரையில் தட்டிப் பார்த்தார். மறுநாள் புது லேஸை அவரே கொண்டு வந்தார், கோத்துத் தரச் சொல்லி. இதற்கெல்லாம் ஆன நேரம் மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு ஓடுங்கள்.

படி 7: மூன்று மாதம் கடந்த பிறகு

இதற்குள் அரை மணி நேரம் உங்களால் ஓட முடியும். இப்போது மற்றவர்களின் ஓட்டத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்.

2004-ல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் 5 கிலோமீட்டர் இலவச ஓட்டம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு தன்னார்வலரின் வேலை. எல்லாருக்கும் பின்னால், கடைசியாக வருவதுதான் அவர் பொறுப்பு. அதனால் வேறு யாரும் கடைசியாக வர முடியாது. நீங்கள் கலந்துகொள்ளும் ஓட்டத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்றால், ஒரு முறை நீங்களே அதைச் செய்யுங்கள். புதிதாக வந்தவருடன் பேசிக்கொண்டே கடைசியில் வாருங்கள்.

அடுத்தது, பார்வையற்ற ஓட்டக்காரருக்கு வழித்துணை. ஒரு சின்னக் கயிற்றின் ஒரு முனையை அவரும் மறு முனையை நீங்களும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓட வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது அவர். நீங்கள் இழுக்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. அவர் கை முன்னால் போகும்போது ஒட்டியிருக்கும் உங்கள் கையும் சேர்ந்து முன்னால் போக வேண்டும். பாதையை முன்கூட்டியே குறுகிய சொற்களில் சொல்லுங்கள்: "ஐந்தடியில் மேடு", "இடப்பக்கம் வளைவு, மூன்று, இரண்டு, ஒன்று". பாராலிம்பிக் ஓட்டங்களில் வழித்துணையாளர் தன் ஓட்டக்காரருக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்றே விதி இருக்கிறது. பழகும் முன் ஒரு நண்பரிடம் கயிற்றைக் கொடுத்து, உங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு 100 மீட்டர் நடந்து பாருங்கள். எந்தச் சொல் உதவுகிறது, எது குழப்புகிறது என்று உடனே விளங்கும்.

படி 8: வீடு திரும்பியதும்

கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் முகத்தைத் தொட வேண்டும். கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி மடக்கி, ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பிடித்திருங்கள். ஒரு நோட்டில் தேதி, ஓடிய நிமிடம், எங்கெல்லாம் நின்றீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கண்ணாடி கிடப்பது இந்த நோட்டில்தான் எனக்குத் தெரிய வந்தது. அங்கே ஒரு குப்பைத்தொட்டி கேட்டு எழுதிக்கொடுத்தோம், மூன்று மாதத்தில் வந்தது.

அப்புறம் கையுறையைத் துவைத்து, ஷூவுக்குப் பக்கத்திலேயே காயப் போடுங்கள். மறுநாள் இருட்டில் ஷூவைத் தேடும் கையில் அதுவும் அகப்படும்.