பிரஸ்ஸில் விரல் போனால்: ஒரு பட்டறைக்காரனின் கணக்கு

கோவை கணபதியில் ஆறு பேரை வைத்து பவர் பிரஸ் (தகட்டை அச்சில் அடித்து வெட்டும் இயந்திரம்) பட்டறை நடத்துகிறேன். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லை. யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு என் பொறுப்பு. இது எனக்கு உறைத்தது 2022இல், வாஷர் அடித்துக்கொண்டிருந்த தம்பிக்கு வலது ஆள்காட்டி விரல் அடியோடு போன அன்றுதான். அவருக்கு வயது 30, சம்பளம் 18,000.

முதலில் ஆஸ்பத்திரி. பில்களை எல்லாம் பத்திரப்படுத்துங்கள். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 2009 திருத்தத்துக்குப் பிறகு சிகிச்சைச் செலவு தனி, இழப்பீடு தனி. ஒன்றில் இன்னொன்றைக் கழிக்கக்கூடாது.

பக்கத்துப் பட்டறை அண்ணன் யோசனை சொன்னார்: "ஐம்பதாயிரம் குடுத்து முத்திரைத்தாள்ல எழுதி வாங்கிருங்க." வாங்கத்தான் இருந்தேன். ஆடிட்டர் தடுத்தார். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் செல்லாது. பேசி முடித்தாலும் அந்த ஒப்பந்தத்தை இழப்பீட்டு ஆணையரிடம் பதிய வேண்டும் என்றார்.

சரி, எவ்வளவு தருவது? இதில் பேரமே தேவையில்லை. சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்குரிய காரணியால் பெருக்கி, சட்டத்தின் அட்டவணையில் அந்த உறுப்புக்குப் போட்டிருக்கும் சதவீதத்தை எடுக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. முழு ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம். சம்பளம் 18,000 ஆனாலும் கணக்குக்கு உச்சவரம்பு 15,000. ஆக 9,000 × 207.98 × 14% = 2,62,055 ரூபாய். அந்த வரம்பு 2020 ஜனவரி வரை 8,000தான். அதே விரலுக்கு அப்போது 1,39,763. தொழிலாளியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விழும். அதை இன்சூரன்ஸ் கட்டாது, நம் கைக்காசு. "அவன் கவனமா இருந்திருக்கணும்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

என் தப்பு ஒன்று: பிரீமியம் குறையட்டும் என்று, இந்த இழப்பீட்டுக்காக எடுத்திருந்த இன்சூரன்ஸ் பாலிசியில் சம்பளத்தை 9,000 என்று போட்டிருந்தேன். கம்பெனி அந்த விகிதத்துக்கே தந்தது. மிச்சத்தை நகையை அடகு வைத்துக் கட்டினேன். பாலிசியில் உண்மையான சம்பளத்தையே போடுங்கள்.

தொழிலாளிகளுக்கு: சம்பளத்தை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், அதுதான் சாட்சி. மனு போட இரண்டு வருடம் இருக்கிறது. 2017 திருத்தப்படி, வேலைக்குச் சேரும்போதே இந்த உரிமையை முதலாளி எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தவறினால் குறைந்தது 50,000 அபராதம் என்று வைத்தார்கள்.

2025 நவம்பர் 21 முதல், அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் இடையே வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும். எங்கள் நைட் ஷிஃப்ட்காரர் சரவணம்பட்டியிலிருந்து மொபெட்டில் வருகிறவர். அதனால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். வந்த நேரம், போன நேரம், கையெழுத்து.