பதின்வயதுப் பிள்ளைக்கு என்ன பிரச்சினை? மருத்துவரிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், மதிப்பெண் சரிகிறது, அறைக் கதவைச் சாத்தினால் திறப்பதே இல்லை. "இந்த வயசுல எல்லாரும் இப்படித்தான்" என்று சில வீடுகளில் ஒரு வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில் நாலு வீடியோ பார்த்துவிட்டு நோயின் பெயரையே முடிவு செய்துவிடுகிறார்கள். மனநலச் சிக்கல்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் தள்ளிப்போடுவது தப்பு. ஆனால் என் பார்வையில் அதைவிட அதிகம் கெடுப்பது, பெயரைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போவதுதான்.

"டாக்டர், இவனுக்கு ஏடிஹெச்டி" (கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு தொடர்பான கோளாறு) என்று தொடங்கினால் அதன் பிறகான பேச்சு முழுக்க அதைச் சுற்றியே போகும். கவனம் சிதறுவது ஏடிஹெச்டியில் மட்டுமா வரும்? பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை, பள்ளியில் யாரோ விடாமல் சீண்டுவது என எதிலும் வரும். பிரித்துப் பார்க்க உதவுவது காலக்கணக்கு. ஏடிஹெச்டி என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். எட்டாம் வகுப்புவரை நன்றாக இருந்தவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று கவனம் போனால் வேறு காரணங்களையும் தேடியே ஆக வேண்டும். அதே சமயம், வகுப்பில் சத்தமில்லாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் பெண் பிள்ளைகளிடம் ஏடிஹெச்டி வருடக்கணக்கில் கண்ணில் படாமலே போவதுண்டு. பழைய பள்ளி அறிக்கைகளை எடுத்துப் போகச் சொல்வது இதனால்தான்.

பெயருக்குப் பதிலாக, பார்த்ததைக் கொண்டுபோங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதினால் போதும்: "செவ்வாய். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்தான். காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போகவில்லை. மாலையில் நண்பன் வந்ததும் சிரித்துப் பேசினான்." 'எப்பப் பாரு சோம்பேறித்தனம்' என்ற புகாரைவிட இந்த நாலு வரி மருத்துவருக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

மனச்சோர்வு என்றால் அழுகை என்று நினைப்பதும் தவறு. இந்த வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் வெளியே வரும். 'திமிர்' என்று பெயர் வைத்துத் திட்டித் தீர்த்த பிறகுதான் பல பெற்றோருக்கு இது தெரியவருகிறது.

உடம்பையும் விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு எல்லாம் சோர்வையும் மந்தத்தையும் கொடுக்கும். ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

அப்புறம், குடும்பத்துக் கதையை மறைப்பது. சித்தப்பாவுக்கு பைபோலார் (மனநிலை ஒரு காலம் ஆழ்ந்த சோர்விலும் இன்னொரு காலம் அளவுமீறிய உற்சாகத்திலும் போகும் நோய்) இருந்தது, பாட்டி தற்கொலைக்கு முயன்றார் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஆனால் பைபோலார் உள்ள பிள்ளைக்குச் சாதாரண மனச்சோர்வு என்று நினைத்து அதற்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், அது மனநிலையை எதிர்த்திசையில் தூக்கிவிடக்கூடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சந்திப்பு முழுக்கப் பெற்றோரே பேசுவதும் வழக்கமாகிவிட்டது. பிள்ளை மருத்துவரோடு தனியாகப் பேச நேரம் விடுங்கள். போதைப் பழக்கம், பாலியல் தொல்லை, மனதில் திரும்பத் திரும்ப வரும் பயங்கர எண்ணங்கள் போன்றவற்றை அம்மா அப்பா முன்னால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. வெளியே வந்ததும் "உள்ளே என்ன சொன்ன?" என்று துருவாதீர்கள்.

இணையக் கேள்வித்தாள்கள் சந்தேகத்தைக் காட்டும், நோயை உறுதி செய்யாது. முதல் சந்திப்பிலேயே முடிவான பெயர் கிடைக்காவிட்டால் அதை மருத்துவரின் குறையாக நினைத்து ஆள் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். வளரும் வயதில் சில நோய்கள் முழு உருவம் காட்ட மாதங்கள் ஆகும். மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தும் பலனில்லை என்றால் இன்னொருவரிடம் கருத்து கேட்பதில் தப்பில்லை. பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும், மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கத் தயங்குபவர்கள் அதிகம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் கூரான பொருட்களையும் எட்டாமல் வையுங்கள், அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.