கழுத்துல தொங்குற மரு: எடுக்கணுமா, விட்டுடலாமா, எப்படி எடுக்கறது

வயசு அம்பது தாண்டினதும் நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு கழுத்தைச் சுத்தி, அக்குள்ல, மார்புக்கு அடியில, தொடை இடுக்குல, சில பேருக்கு கண் இமையில கூட சின்னச் சின்னதா தோல் தொங்க ஆரம்பிச்சிடும். டாக்டருங்க ஸ்கின் டேக்னு சொல்லுவாங்க, நமக்கு அது மருதான். நான் மலேசியாவுல கவர்மெண்ட் கிளினிக்ல மிஸியா, அதான் நர்ஸா, வேலை பாத்து பென்ஷன்ல வந்தவ, இப்ப பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான்ல (குடியிருப்புல) இருக்கேன், அக்கம்பக்கத்துல எல்லாம் தோட்டத்துலேர்ந்து வெளியேறி வந்த பழைய ஆளுங்க, கோயில்ல பாத்தா போதும் முந்தானைய ஒதுக்கிக் கழுத்தைக் காட்டி "இது என்னான்னு பாரு தங்கச்சி"ம்பாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றத விட எழுதிப் போட்டுடலாம்னு தோணுச்சு. படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு வீட்டுல பிள்ளைங்க வாசிச்சுக் காட்டுங்க.

முதல்ல அது மருதானான்னு பாக்கணும். நல்ல வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு ரெண்டு விரலால புடிச்சு லேசா ஆட்டிப் பாருங்க. மெத்துன்னு இருக்கும், வலிக்காது, அடியில மெல்லிசா ஒரு காம்பு இருக்கும், அந்தக் காம்புலதான் தொங்கிக்கிட்டு அங்கயும் இங்கயும் ஆடும். நம்ம தோல் நிறத்துலயே இருக்கும் இல்ல கொஞ்சம் கருப்பா இருக்கும். பெரும்பாலும் 1 மில்லிமீட்டர்லேர்ந்து 5 மில்லிமீட்டருக்குள்ளதான், சிலது அதுக்கு மேலயும் வளரும். உள்ள ஒன்னுமில்ல, கொஞ்சம் நாரு மாதிரி கொலாஜனும் சின்ன ரத்தக் குழாயும், மேல தோலு, அவ்ளோதான். கேன்சர் இல்ல. ஒட்டிக்கிற வியாதியும் இல்ல, பேரப்பிள்ளைய தூக்கினா அதுக்கு வந்துடுமோன்னு பயப்பட வேணாம்.

ஆனா தொங்குறது எல்லாமே இதுன்னு நெனைச்சுக்காதீங்க. மேல சொரசொரன்னு, உள்ள கருப்புப் புள்ளி புள்ளியா தெரிஞ்சா அது வைரஸால வர்ற பாலுண்ணி, அது ஒட்டும். மெழுகை உருக்கி ஊத்தி ஒட்ட வச்சாப்ல பழுப்பா கருப்பா தட்டையா இருந்தா அது வேற, அதுவும் வயசானா வர்றதுதான், பயமில்ல. ஆசனவாய் பக்கமோ பிறப்புறுப்புலயோ இருந்தா நீங்களா பேர் வைக்காதீங்க, மூலமா இருக்கலாம், வேற தொத்தா இருக்கலாம், வெக்கப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க, அவங்க தெனமும் பாக்கறதுதான்.

தள்ளிப் போடாம காட்ட வேண்டியது எதுன்னா, தொடாமலே ரத்தம் கசியறது, புண்ணாகி ஆறாம இருக்கறது, கொஞ்ச மாசத்துல மளமளன்னு வளர்றது, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு நிறம் தெரியறது, ஓரம் கோணல்மாணலா இருக்கறது, கல்லு மாதிரி கெட்டியா இருக்கறது. நம்ம மாதிரி கருப்புத் தோல் ஆளுங்களுக்கு தோல் கேன்சர் கம்மிதான், ஆனா மெலனோமாங்கிற மோசமான வகை வந்தா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடின்னு யாரும் பாக்காத இடத்துல வரும். பாட்டுக்காரர் பாப் மார்லிக்கு கால் விரல் நகத்துக்கு அடியிலதான் வந்துச்சு, 1981ல 36 வயசுலயே போயிட்டார். காலம் பூரா செருப்பில்லாம நடந்த நம்ம பெரியவங்க பாதத்தை யாராச்சும் என்னிக்காவது திருப்பிப் பாத்திருக்கோமா? பாருங்க.

சரி, மரு ஏன் வருதுன்னா பெரும்பாலும் உரசல். தோலும் தோலும் உரசற இடம், துணி உரசற இடம், நகை உரசற இடம். பொம்பளைங்களுக்குக் கழுத்துல தாலிக்கொடி போற தடத்துலயே வரிசையா இருக்கும், பிரா பட்டை போற எடத்துல இருக்கும், ஆம்பளைங்களுக்கு கைலி முடிச்சுப் போடற இடுப்புல பாத்திருக்கேன். இந்த ஊரு வெக்கையும் வேர்வையும் சேந்தா கேக்கவே வேணாம். எடை கூடினா மடிப்பு கூடும், மடிப்பு கூடினா மரு கூடும். குடும்பத்துல இருந்தா வரும், பிள்ளைத்தாச்சியா இருக்கறப்பவும் வரும்.

இதைத் தாண்டி ஒன்னு இருக்கு, நான் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது அதுதான். மருவைப் பாக்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல இருக்கற சீனிய பாருங்க. உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்காம போறப்போ கணையம் இன்னும் இன்னும் இன்சுலின் சுரக்கும், அந்தக் கூடுதல் இன்சுலின் தோலையும் தூண்டி விட்டு வளர வைக்குது, அதான் சில பேருக்கு மரு கொத்துக் கொத்தா வர்றது. கூடவே கழுத்துக்குப் பின்னாடியும் அக்குள்லயும் தடிச்சு மெத்துன்னு கருப்பா ஒரு பட்டை விழும் பாத்திருக்கீங்களா, அதுவும் இதே காரணம்தான். அழுக்குன்னு நெனைச்சு தேங்கா நாரு போட்டு தேய் தேய்னு தேய்க்கறாங்க பாவம், தேய்ச்சா இன்னும் கருக்கும், போகாது. ஒன்னு ரெண்டு மரு இருந்தா சீனின்னு முடிவு கட்ட வேணாம், ஆனா திடீர்னு நெறைய வந்திருக்கு, இந்தக் கருப்பும் இருக்கு, வயிறும் முன்னால வந்திருக்குன்னா இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) டெஸ்ட் எடுக்காம விடாதீங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்காரங்களுக்கு இனிப்புநீர் இருந்துச்சு, அதுல இந்தியர்கள் மத்தியிலதான் அதிகம், தெரியாமலே நடமாடிக்கிட்டு இருந்தவங்களும் அதுல நெறைய.

டெஸ்டுக்கு பெருசா செலவில்ல. கவர்மெண்ட் கிளினிக்ல பதிவுக்கு ஒரு வெள்ளிதான். அரசாங்கம் வருமானம் கம்மியானவங்களுக்குக் குடுக்கற எஸ்.டி.ஆர். உதவித் தொகை வாங்குறவங்க 40 வயசுக்கு மேல இருந்தா பெக்கா பி40 திட்டத்துல ரத்தம் முழுசா சும்மாவே செக் பண்ணுவாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் உண்டு, இதுல சேந்த தனியார் கிளினிக்லயும் பண்ணலாம், ஐசிய (அடையாள அட்டைய) எடுத்துக்கிட்டுப் போய்க் கேளுங்க. காலையில வெறும் வயித்துல எடுத்த சீனி 7.0 மில்லிமோல் இல்ல அதுக்கு மேல, மூணு மாச சராசரி காட்டற எச்.பி.ஏ.ஒன்.சி 6.3 விழுக்காடு இல்ல அதுக்கு மேலன்னா இங்க இனிப்புநீர் கணக்குல வரும், டாக்டர் இன்னொரு தடவ பாத்து உறுதி பண்ணுவார். மரு சும்மா தொங்கிட்டுப் போகட்டும், இது தெரிஞ்சா காலும் கண்ணும் கிட்னியும் மிஞ்சும்.

இனி எடுக்கறதா வேணாமான்னு பாப்போம். என்னைக் கேட்டா உறுத்தலைன்னா விட்டுடுங்க. எடுக்கலைன்னா ஒரு கெடுதலும் இல்ல. சங்கிலி மாட்டி இழுக்குது, சட்டைக் காலர்ல உரசி ரத்தம் வருது, சவரம் பண்றப்போ வெட்டுது, இமையில தொங்கி பார்வைய மறைக்குது, இல்ல கல்யாணம் காட்சிக்குப் போறப்போ கூச்சமா இருக்குன்னா எடுக்கலாம், அழகுக்கு எடுக்கறதும் தப்பில்ல, வயசானவங்களுக்கு ஆசை இருக்கக் கூடாதுன்னு சட்டமா என்ன. சில மரு காம்பு முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னு ஒரே நாள்ல கருத்துப் போய் வலிக்கும், பல சமயம் அதுவா விழுந்துடும், இருந்தாலும் கருத்ததை ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டறது நல்லது.

வீட்டு வைத்தியத்துக்கு வர்றேன், இங்கதான் சண்டையே வரும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் சொல்லுவாரு, "எங்க ஆத்தா தலைமுடிய வச்சு கட்டி விடும், நாலு நாள்ல உதுந்துடும், நீ என்னம்மா பெருசா சொல்ற"ன்னு. அண்ணே, உதுராதுன்னு நான் சொல்லவே இல்ல. காம்பைக் கட்டினா ரத்தம் போகாது, செத்து விழும், டாக்டருங்களே சில மருவுக்கு அப்படிக் கட்டுவாங்க. ஆனா ஆத்தா காலத்துல தோட்டத்து லயத்து வீடுங்கள்ல எத்தன பேருக்கு இனிப்புநீர் இருந்துச்சு? இன்னிக்கு சீனி ஏறின உடம்புல அழுக்கு நூலைக் கட்டி விட்டு, பாதி செத்த சதைய நாலு நாள் வேர்வையில வச்சிருந்தா சீழ் பிடிக்கும், புண்ணு ஆறாது. அது மருதான்னு உறுதி யாரு குடுத்தா, அது ஒரு கேள்வி.

சுண்ணாம்பையும் துணி சோப்பையும் குழைச்சு வைக்கிறது அதை விட மோசம். அது மருவை மட்டும் தேடிப் பிடிச்சு அரிக்காது, சுத்தி இருக்கற நல்ல தோலையும் சேத்து உள்ள வரைக்கும் வேக வச்சிடும், அப்புறம் வெள்ளையாவோ கருப்பாவோ தழும்பு நிரந்தரமா நிக்கும், சில பேருக்கு தழும்பே தடிச்சு கெலாய்டா வளந்து மருவை விட பத்து மடங்கு அசிங்கமா ஆயிடும். வேலி ஓரம் மொளைக்கிற அம்மான் பச்சரிசிப் பாலும் தோலை எரிக்கும், கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து, இமைக்குப் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. பூண்டை நசுக்கி பிளாஸ்டர் போட்டு ஒட்டறது, ஆப்பிள் சைடர் வினிகர்ல பஞ்சை நனைச்சு கட்டறது ரெண்டுமே தோலை வேக வைக்கிற வேலைதான். நகவெட்டியால கட் பண்றவங்க கிட்ட நான் பேசறதில்ல. கோயில்ல உப்பும் மிளகும் போடறேன்னு வேண்டிக்கிட்டா தாராளமா போடுங்க, இந்த லிஸ்ட்லயே உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லாதது அதான்.

ஆன்லைன்லயும் பசார் மாலாம்லயும் (ராத்திரிச் சந்தையிலயும்) விக்கிற மரு கிரீம், சொட்டு மருந்து, பேனா மாதிரி சூடு வைக்கிற மெஷின், எதையும் வாங்காதீங்க. அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ 2022ல இதுக்காகவே எச்சரிக்கை விட்டுச்சு, டாக்டர் சீட்டு இல்லாம கடையில வாங்கி மச்சத்தையோ மருவையோ எடுக்கற மருந்து எதுக்குமே அவங்க அனுமதி குடுக்கலைன்னு. நம்ம நாட்டுல பதிவு பண்ணின மருந்துன்னா டப்பாவுல எம்.ஏ.எல்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கணும், அது இல்லாம மருந்துன்னு சொல்லி வித்தா கீழ வச்சிட்டு நகந்துடுங்க.

கிளினிக்ல எடுக்கறது எப்படின்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். டாக்டர் இடத்தைத் துடைச்சிட்டு காம்புக்கு அடியில மெல்லிசான ஊசியால மரத்துப் போற மருந்து போடுவார், அந்த ஊசிதான் வலி, சுருக்குன்னு ஒரு எரிச்சல், தோல் வெளிறி லேசா உப்பும். ரெண்டு நிமிஷம் விட்டு மருவை இடுக்கியால தூக்கிப் புடிச்சு வளைஞ்ச கத்தரியால ஒரே வெட்டு. ஒரு சொட்டு ரத்தம் வரும், பஞ்சை வச்சு அமுக்கினா நின்னுடும், இல்லைன்னா கரண்டு ஊசியால லேசா சுட்டு விடுவாங்க, முடி பொசுங்கற வாசம் வரும், பயந்துடாதீங்க. ரொம்பப் பொடிசா இருந்தா ஊசி கூட போட மாட்டாங்க. திரவ நைட்ரஜன் வச்சு உறைய வைக்கிற முறையும் இருக்கு, மைனஸ் 196 டிகிரி, சில நாள்ல கருத்து உதுரும், ஆனா நம்ம தோல்ல வெள்ளைத் திட்டு விழ வாய்ப்பு இருக்கு, அதனால கழுத்துல முகத்துலன்னா எனக்கு கத்தரிதான் இஷ்டம். இமையில இருக்கறத கண் டாக்டர்கிட்டதான் எடுக்கணும்.

உக்காந்ததும் நீங்களா சொல்ல வேண்டியது சிலது இருக்கு, டாக்டர் கேக்க மறந்தாலும் சொல்லுங்க. வார்ஃபரின், அஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மருந்து சாப்பிட்டா சொல்லணும், ஆனா மருவுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, மாரடைப்போ ஸ்ட்ரோக்கோ வந்துடலாம். நெஞ்சுல பேஸ்மேக்கர் இருந்தா கரண்டு வைக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். மருந்து அலர்ஜி, பழைய தழும்பு தடிச்ச கதை, சீனி எல்லாம் சொல்லுங்க.

எங்க போறதுன்னா, கவர்மெண்ட் கிளினிக்ல வெறும் அழகுக்காகன்னா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க, உரசுது, ரத்தம் வருது, சந்தேகமா இருக்குன்னா டாக்டர் பாத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுப்பார், எங்க பக்கம்னா ஈப்போ, காத்திருக்க வேண்டி வரும். அவசரம்னா தனியார் கிளினிக், ஒரு மருவுக்கு எவ்ளோ, ஊசிக்குத் தனியா, லேப்புக்குத் தனியான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. சுவத்துல போராங் பி (பி பாரம்) சர்ட்டிபிகேட் மாட்டியிருக்கும், அதான் சுகாதார அமைச்சுல பதிவு பண்ணின கிளினிக்குக்கு அடையாளம். அழகு சிகிச்சைன்னு போர்டு வச்ச டாக்டருக்கு எல்.சி.பி. சான்றிதழ், அதான் அழகு சிகிச்சை பண்ண சுகாதார அமைச்சு குடுக்கற அனுமதி, இருக்கணும், கேளுங்க, கேக்கறதுக்கு வெக்கம் என்ன. பியூட்டி பார்லர்ல எவ்ளோ மலிவுன்னாலும் வேணாம்லா.

எடுத்த பிறகு ஒரு நாள் நனைக்காம வச்சிருந்து அப்புறம் சாதா சோப்புத் தண்ணியில கழுவி மெதுவா ஒத்தி எடுத்து வாசலின் தடவி சின்ன பிளாஸ்டர் ஒட்டுங்க. மஞ்சள், திருநீறு எதுவும் புண்ணு மேல வைக்காதீங்க. பொருக்கைப் பிய்க்காதீங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியால பத்து நிமிஷம் விடாம அமுக்குங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாத்தா நிக்காது. சிவந்து சூடா வீங்கினா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா திரும்பப் போங்க. கழுத்துச் சங்கிலிய ஆறுற வரைக்கும் கழட்டி வைங்க, தாலிய கழட்ட மனசு வராதவங்க மஞ்சக் கயித்துல கொஞ்ச நாளைக்குத் தளர்வா கோத்துப் போட்டுக்கலாம். வேற இடத்துல புதுசா மரு வந்தா வெட்டினதால பரவிடுச்சுன்னு நெனைக்காதீங்க, அது வர்றதா இருந்தது, வந்துச்சு. எடுத்த துண்டைப் பாத்து டாக்டருக்குக் கொஞ்சம் சந்தேகம்னா லேப்புக்கு அனுப்புவார், அந்தக் காச மட்டும் மிச்சம் புடிக்காதீங்க, ரிசல்ட் எப்ப வரும்னு தேதி கேட்டுக்கிட்டு வாங்க, அன்னிக்கு போன் வரலைன்னா நீங்களே அடிச்சுக் கேளுங்க.