ஈரான் மன்னராட்சியும் வல்லரசுப் போட்டியும்: காலவரிசை அட்டவணை போடுவது எப்படி?

ஈரானை ஆண்ட காஜார் வம்சத்தில் மொத்தம் ஏழே மன்னர்கள். ஆகா முகம்மது கானில் தொடங்கி, 1925-இல் அரியணை இழந்த அஹ்மத் ஷாவோடு முடிந்துவிடும். பட்டியலை அரைமணி நேரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் அதனால் ஒன்றும் விளங்காது. ஒரு ஷா ஏன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், ஏன் அந்தக் கடனை வாங்கினார் என்பதெல்லாம், வடக்கே ரஷ்யாவும் தெற்கே பிரிட்டனும் அதே ஆண்டில் என்ன செய்துகொண்டிருந்தன என்று அருகருகே வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு பெரிய தாளை அகலவாக்கில் வைத்து ஆறு பத்தி போடுங்கள்: ஆண்டு, அரியணை, ரஷ்யா, பிரிட்டன், கஜானா, கடைசியாக ஒரு குறுகலான பத்தி. அந்தக் குறுகல் பத்தியில் எழுத்து வேண்டாம், ஒரு டிக் மட்டும். இரு வல்லரசுகளும் ஈரான் விஷயத்தில் ஒத்துப்போன ஆண்டுகளுக்கு மட்டும் அது விழும். பிரான்ஸுக்கும் ஒட்டோமான் அரசுக்கும் தனிப் பத்தி வேண்டியதில்லை. நெப்போலியன் 1807 மே 4-இல் ஃபிங்கென்ஸ்டைனில் ஈரானோடு ஒப்பந்தம் போட்டு, ஜூலையிலேயே தில்சித்தில் ரஷ்ய ஜாரோடு கைகுலுக்கிவிட்டார். இத்தகையதை ஓரக்குறிப்பாக எழுதினால் போதும்.

தேதிகளை முதலில் ஒழுங்குபடுத்துங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒரே நிகழ்வுக்கு மூன்று நான்கு நாட்காட்டிகளில் தேதி கிடைக்கும்.

காஜார் காலப் பாரசீக ஆவணங்களில் வருவது சந்திர ஹிஜ்ரி. ஆண்டு மட்டும் தேவை என்றால் 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட சரியாக வரும். நாளும் வேண்டும் என்றால் 0.970224-ஆல் பெருக்கி 621.5774 கூட்டுங்கள். அது அந்த ஹிஜ்ரி ஆண்டின் தொடக்கத்தைக் காட்டும். உதாரணமாக, முஸஃப்பருத்தீன் ஷா அரசியல் சட்ட ஆணையிட்ட நாள் ஹிஜ்ரி 1324, ஜுமாதல் ஆகிர் 14. கணக்குப் போட்டால் 1906.154 கிடைக்கும், அதாவது ஆண்டு பிறந்தது 1906 பிப்ரவரி 25 வாக்கில். ஜுமாதல் ஆகிர் ஆறாவது மாதம். ஆக, முழுதாக முடிந்தவை ஐந்து மாதங்கள், மாதத்துக்கு 29.53 நாள் வீதம் 147.65 நாள். அதோடு 13 நாள் சேர்த்தால் 160.65, ஆண்டுக் கணக்கில் 0.44. மொத்தம் 1906.594. அது ஆண்டின் 217-ஆம் நாள், ஆகஸ்ட் 5. புத்தகங்கள் தரும் தேதியும் இதுதான். பிறை கண்ட நாளைப் பொறுத்து ஓரிரு நாள் முன்பின் ஆகலாம், அதற்காகக் கணக்கை மாற்ற வேண்டாம்.

1925-இல் சூரிய ஹிஜ்ரி சட்டபூர்வமாயிற்று. இதற்கு 621 கூட்டுவது வழக்கம். ஜனவரி முதல் நவ்ரோஸ் என்ற ஈரானியப் புத்தாண்டு வரை, அதாவது மார்ச் 20 வாக்கு வரை, 622 கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1332 மொர்தாத் 28 என்றால் 621 கூட்டி 1953 ஆகஸ்ட் 19, பிரதமர் மொசாதெக் வீழ்ந்த நாள். ஆனால் பின்னாளில் ரேசா ஷா ஆன ரேசா கானின் ராணுவக் கவிழ்ப்பு 1299 ஹூத் மாதம் 3-இல் நடந்தது. அதற்கும் 621-ஐயே கூட்டினால் 1920 என்று வந்து அட்டவணையே ஓராண்டு பின்னால் போய்விடும். சரியான விடை 1921 பிப்ரவரி. ஹூத் என்பது மீன ராசி. 1925-க்கு முன் சூரிய மாதங்களுக்கு ராசிப் பெயர்களே இருந்தன. ஹமல் மேஷம், அதனால் நம் சித்திரை என்று எண்ணிவிட வேண்டாம், ஹமல் மார்ச் 21 வாக்கிலேயே பிறந்துவிடும்.

2535, 2536, 2537 என்று எண் கண்டால் பதறாதீர்கள். முகம்மது ரேசா ஷா 1976-இல் கொண்டுவந்து 1978-இல் கைவிடப்பட்ட ஷாஹன்ஷாஹி நாட்காட்டி அது. 1180 கழித்தால் சூரிய ஹிஜ்ரி வந்துவிடும்.

ரஷ்ய ஆவணங்கள் ஜூலியன் கணக்கில் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டுக்கு 12 நாளும், 1900 மார்ச்சுக்குப் பிறகு 13 நாளும் கூட்டுங்கள். ரஷ்யாவிடம் தோற்ற ஈரான் கையெழுத்திட்ட குலிஸ்தான் ஒப்பந்தம் ரஷ்யக் கணக்கில் 1813 அக்டோபர் 12, நமக்கு அக்டோபர் 24. அடுத்த ரஷ்யப் போரை முடித்த துர்க்மென்சாய் ஒப்பந்தம் அங்கே 1828 பிப்ரவரி 10. கூட்டினால் 22 வருகிறது, பல நூல்கள் 21 என்று போடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் மூல ஆவணத் தேதியையே எழுதி, பக்கத்தில் ‘ஜூ.’ என்று குறித்துவிடுவது நல்லது.

பணம்: ‘கொரூர்’ நம் கோடி அல்ல

கஜானாப் பத்தியை நிரப்பும்போது இந்திய வாசகர் வழுக்கி விழும் இடம் இது. பாரசீகக் கொரூர் என்பது 5 லட்சம். ஒலி ஒன்றுபோல் இருப்பதால் கோடி என்று எழுதிவிட்டால் தொகை இருபது மடங்கு ஊதிவிடும். துர்க்மென்சாயில் ஈரான் ஒப்புக்கொண்ட போர் இழப்பீடு 10 கொரூர் தோமான் (தோமான் அன்றைய ஈரானியப் பணம்). அது 50 லட்சம் தோமான், ரஷ்ய வெள்ளி ரூபிளில் 2 கோடி. ஒரு தோமானுக்கு 4 ரூபிள் என்று கணக்கு நேராக வந்தால் நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

10 கிரான் ஒரு தோமான், 20 ஷாஹி ஒரு கிரான். 1930-களில் கிரானின் இடத்துக்கு ரியால் வந்தது. தோமானைப் பவுண்டாக மாற்ற நூற்றாண்டு முழுவதற்கும் ஒரே விகிதம் வைக்கவே கூடாது. வெள்ளி விலை சரியச் சரிய கிரானும் சரிந்து, 1900 வாக்கில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 50 கிரான் ஆகிவிட்டது.

பட்டப் பெயர்கள்

காஜார் கால ஆவணங்களில் ஆட்களை இயற்பெயரால் குறிப்பது அபூர்வம், பட்டம்தான். பட்டமோ தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும், அல்லது சம்பந்தமே இல்லாத வேறொருவருக்குக் கிடைக்கும். அமீனுஸ் சுல்தான் என்றால் 1883 வரை இப்ராஹிம், அதன்பின் அவர் மகன் அலி அஸ்கர் கான். இந்த மகனே பிற்காலத்தில் அதாபக் என்றும் வருவார். ஸில்லுஸ் சுல்தானிலும் இரண்டு பேர்: 1834-இல் தெஹ்ரானில் தன்னை மன்னராக அறிவித்துச் சில வாரங்களே தாக்குப்பிடித்த ஃபத்ஹ் அலி ஷாவின் மகன் ஒருவர், இஸ்ஃபஹானை ஆண்ட மஸ்ஊத் மிர்சா இன்னொருவர். பின்னவர் நாசிருத்தீன் ஷாவின் மூத்த மகன்தான், ஆனால் தாய் காஜார் குலத்தவர் அல்ல என்பதால் பட்டத்து இளவரசர் ஆக முடியவில்லை. பட்டத்தை எழுதினால் அடைப்புக்குறிக்குள் இயற்பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் மூன்று தேதிகள்

கையெழுத்தான நாள், ஏற்பளிக்கப்பட்ட நாள், ரத்தான நாள். மூன்றில் எது இல்லையோ அங்கே கோடு போடுங்கள். 1919 ஆகஸ்ட் 9-இன் ஆங்கில-ஈரான் ஒப்பந்தத்தை, 7 சதவீத வட்டிக்கு 20 லட்சம் பவுண்டு கடன் உட்பட, நடைமுறைக்கு வந்ததாகவே எழுதிவிடுபவர்கள் உண்டு. மஜ்லிஸ், அதாவது ஈரான் நாடாளுமன்றம், அதை ஏற்கவே இல்லை. 1872-இல் ரயில், சுரங்கம் என்று நாட்டையே எழுதிக் கொடுத்த ராய்ட்டர் உரிமமும் அடுத்த ஆண்டே ரத்தாயிற்று. அதோடு அந்த வரியை மூடிவிடாதீர்கள், அதே ராய்ட்டர் 1889-இல் இம்பீரியல் வங்கியோடு திரும்பி வந்தார், நோட்டு அச்சிடும் தனியுரிமை சகிதம்.

நான்காவதாக ஒரு தேதியும் சில சமயம் வேண்டியிருக்கும்: செய்தி போய்ச் சேர்ந்த நாள். ஆப்கன் நகரான ஹெராத்தை ஈரான் பிடித்ததால் பிரிட்டனோடு மூண்ட போர், 1857 மார்ச் 4-இல் பாரிஸில் முடித்துவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் படை ஈரானின் தென்மேற்குத் துறைமுகமான முகம்மராவைத் தாக்கியது மார்ச் 26-இல். சமாதானச் செய்தி அங்கே இன்னும் வந்திருக்கவில்லை. வெறும் தேதி வரிசையில் பார்த்தால் பிரிட்டன் ஒப்பந்தத்தை மீறியதுபோலத் தோன்றும்.

எந்த ஒப்பந்தத்தில் எந்த நிலம் போனது என்பதிலும் கவனம் தேவை. பாகு, கஞ்சா, கராபாக், தர்பந்த், ஜார்ஜியா எல்லாம் 1813-இலேயே குலிஸ்தானில் போய்விட்டன. 1828-இல் போனவை யெரெவானும் நக்சிவானும். காஸ்பியனில் ரஷ்யாவுக்கு மட்டுமே போர்க்கப்பல் என்ற விதி இரண்டிலும் உண்டு. துர்க்மென்சாயின் 7-ஆம் ஷரத்தை மட்டும் அரியணைப் பத்தியில் எழுதுங்கள்: ஃபத்ஹ் அலி ஷாவின் மகன் அப்பாஸ் மிர்சாவை வாரிசாக ரஷ்ய ஜார் அங்கீகரிக்கிறார். அடுத்த ஷா யார் என்பதில் அந்நிய அரசுக்குச் சொல் கிடைத்தது எழுத்திலேயே இருக்கிறது.

ஒரு வரிசையை நிரப்பிப் பார்ப்போம்

1890 முதல் 1892 வரை. அரியணை: நாசிருத்தீன் ஷா. பிரிட்டன்: மேஜர் டால்பட்டுக்குப் புகையிலை கொள்முதல், விற்பனை, ஏற்றுமதி மூன்றிலும் 50 ஆண்டுத் தனியுரிமை. ரஷ்யா: எதிர்ப்பு. அரியணைப் பத்தியிலேயே கீழே: ஷிராஸ், தப்ரீஸ் கிளர்ச்சிகள், 1891 டிசம்பரில் சாமர்ராவிலிருந்த மதத் தலைவர் மிர்சா ஹசன் ஷிராஸியின் பெயரால் வந்த புகையிலைத் தடை ஃபத்வா, 1892 ஜனவரியில் ரத்து.

இப்போது கஜானா. உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 பவுண்டு, அதோடு லாபத்தில் கால் பங்கு. ரத்துக்கு இழப்பீடு 5 லட்சம் பவுண்டு, அதை இம்பீரியல் வங்கியிடம் 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கித்தான் கொடுத்தார்கள், அடமானம் தென் துறைமுகங்களின் சுங்கம். வட்டி மட்டுமே ஆண்டுக்கு 30,000. வரவேண்டிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு! இந்த வரிசையிலிருந்து 1900-க்கு ஓர் அம்புக்குறி போடுங்கள். அந்த ஆண்டு ரஷ்யா 5 சதவீதத்தில் 2 கோடியே 25 லட்சம் ரூபிள் கடன் தந்தது. நிபந்தனை, இந்தப் பழைய பிரிட்டிஷ் கடனை அடைத்துவிட வேண்டும். கஜானாப் பத்தி இல்லாத அட்டவணையில் இந்த இரண்டு நிகழ்வுகளும் தொடர்பின்றித் தனித்தனியே கிடக்கும்.

டிக் பத்தியும் வரைபடமும்

போட்டி இருந்தவரை ஷாவுக்கு ஒருவரைக் காட்டி மற்றவரைத் தடுக்கும் இடைவெளி இருந்தது. அதன் விலையும் பெரியது: 1890-இல் ரஷ்யாவோடு செய்துகொண்ட ஏற்பாட்டால் பத்தாண்டுக்கு ரயிலே போட முடியவில்லை. ஆனால் டிக் விழும் ஆண்டுகளைப் பாருங்கள். 1834-இல் இரு தூதர்களும் சேர்ந்து முகம்மது ஷாவைத் தப்ரீஸிலிருந்து தெஹ்ரானுக்கு அழைத்து வந்து முடிசூட்டினார்கள், அதில் அரியணைக்கு லாபம். 1907 ஆகஸ்ட் 31-இல் (ஜூ. 18) ஈரானை மண்டலங்களாகப் பிரித்த ரஷ்ய-பிரிட்டிஷ் ஒப்பந்தம், 1915-இன் ரகசிய ஏற்பாடு, 1941 ஆகஸ்ட் 25-இன் கூட்டுப் படையெடுப்பு ஆகிய மூன்றிலும் நஷ்டம் ஈரானுக்குத்தான். ஆகவே ஒவ்வொரு டிக்கின் பக்கத்திலும் யாருக்கு லாபம் என்று ஒரே சொல்லில் எழுதிவையுங்கள்.

1907 ஒப்பந்தத்துக்கு வரைபடம் இல்லாமல் முடியாது. வடக்குக் கோடு கஸ்ர்-எ-ஷிரினில் தொடங்கி இஸ்ஃபஹான், யஸ்த், காக் வழியாக ரஷ்ய-ஆப்கன் எல்லைகள் ஈரானைத் தொடும் முனை வரை. அதற்கு மேலே ரஷ்ய மண்டலம், தலைநகர் தெஹ்ரான் உட்பட. தெற்குக் கோடு ஆப்கன் எல்லையிலிருந்து கஸிக், பிர்ஜந்த், கெர்மான் வழியாக பந்தர் அப்பாஸ் வரை. அதற்குத் தென்கிழக்கே பிரிட்டிஷ் மண்டலம். நடுவில் மிஞ்சியது பொது மண்டலம். வழக்கமான தவறு, எண்ணெயைப் பிரிட்டிஷ் மண்டலத்தில் வைப்பது. 1908 மே 26-இல் எண்ணெய் பீறிட்ட மஸ்ஜித் சுலைமான் இருப்பது பொது மண்டலத்தில்தான். கையெழுத்திட்டவர்கள் ரஷ்யாவும் பிரிட்டனும் மட்டுமே. அதே ஆகஸ்ட் 31-இல்தான் தெஹ்ரானில் மேலே சொன்ன அலி அஸ்கர் கான், அப்போதைய பிரதமர், சுட்டுக்கொல்லப்பட்டார், அரியணைப் பத்தியில் அதற்கும் இடம் விடுங்கள்.

ஊர்ப் பெயர்களை இரண்டாகவே எழுதுங்கள், பழையது மையில், புதியது பென்சிலில். முகம்மரா இன்றைய கொர்ரம்ஷஹர், அஸ்தராபாத் இன்றைய குர்கான். என்சலி பஹ்லவி ஆகி, 1979-க்குப் பின் மறுபடி என்சலி. உர்மியா இடையில் ரேசாயே. ‘பாரசீகம்’, ‘ஈரான்’ என்பவற்றைப் பார்த்து நாடு பெயர் மாறியதாக எழுத வேண்டாம். உள்ளே எப்போதும் ஈரான்தான். வெளிநாட்டவரும் அப்படியே எழுத வேண்டும் என்று 1935-இல் ரேசா ஷா கேட்டுக்கொண்டார், அவ்வளவே.